பணம் போயிடுச்சு, ஆப் இன்னும் சுத்துது: டைம்அவுட்னா என்ன, உங்க காசு எங்கே நிக்குது?



சம்பளம் வந்த மறுநாள் சாயங்காலம்னு வெச்சுக்கோங்க. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இருந்து ஸ்ரீரங்கம் போற பஸ்ல நிக்கிறீங்க. ஒரு கையில் கம்பி, இன்னொரு கையில் போன். வீட்டு ஓனருக்கு வாடகை 9,500 ரூபாயை இப்பவே அனுப்பிடலாம்னு பின் நம்பரும் போட்டாச்சு. பஸ் காவிரிப் பாலத்து மேல ஏறுது, போன்ல வட்டம் சுத்த ஆரம்பிக்குது. அம்மா மண்டபம் வந்தாச்சு, இன்னும் சுத்துது. நடுவுல பேங்க்ல இருந்து "9,500 டெபிட்"னு எஸ்எம்எஸ் மட்டும் கரெக்டா வந்துடுச்சு. ஓனருக்குப் போன் பண்ணா, "எனக்கு ஒண்ணும் வரலையே தம்பி" அப்படிங்கிறார்.

இப்ப இன்னொரு தடவை அனுப்பலாமா, வேண்டாமா?

"அனுப்பாதீங்க, வெயிட் பண்ணுங்க"ன்னு ஒரே வரியில் பதில் சொல்லிடலாம். ஆனா ஏன் வெயிட் பண்ணணும், எவ்வளவு நேரம் பண்ணணும், அதுக்கு மேல லேட் ஆனா யார் நமக்குக் காசு கொடுக்கணும்னு தெரியாம வெயிட் பண்றது ரொம்பக் கஷ்டம். அதனால இன்னைக்கு டைம்அவுட் பத்தி முழுசா பார்த்துடுவோம். நம்ம சேனல் பார்க்கிறவங்கள்ல ஐடி வேலையில் இருக்கிறவங்க நிறைய பேர். நவல்பட்டு ஐடி பார்க்ல உட்கார்ந்து ஆப் எழுதுறவங்களும் இதுல இருப்பீங்க. உங்களுக்குன்னு நடுவுல ஒரு பகுதி இருக்கு. மத்தவங்க அதைத் தாண்டிப் போயிடலாம், ஆனா படிச்சீங்கன்னா உங்க போன் மேல இருக்கிற கோபம் கொஞ்சம் குறையும்.

"தெரியலை" என்கிற மூணாவது பதில்

காந்தி மார்க்கெட்டுக்குத் தம்பியை வெங்காயம் வாங்க அனுப்புறீங்க. அவன் போனை வீட்லயே வெச்சுட்டுப் போயிட்டான். ஒரு மணி நேரம் ஆச்சு, ஆள் வரலை. என்ன நடந்திருக்கும்? மார்க்கெட்டுக்கே போய்ச் சேராம இருக்கலாம். போய்ச் சேர்ந்து, வாங்காம சும்மா நிக்கலாம். இல்லைன்னா வாங்கிட்டுத் திரும்பி வரும்போது மெயின்கார்டு கேட் டிராஃபிக்ல மாட்டியிருக்கலாம். வீட்ல உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு இந்த மூணும் ஒரே மாதிரிதான் தெரியும். பொறுமை இல்லாம நீங்களே வண்டியை எடுத்துட்டுப் போய் வாங்கிட்டு வந்தா, கடைசியில் வீட்ல ரெண்டு மூட்டை வெங்காயம்.

நெட்வொர்க்ல நடக்கிறதும் இதேதான். நம்ம போன் ஒரு கோரிக்கையை அனுப்புது. "ஆச்சு"ன்னு பதில் வரலாம், "ஆகலை"ன்னு பதில் வரலாம். பதிலே வரலைன்னா? எவ்வளவு நேரம்தான் காத்திருக்கிறது? அந்த எல்லைக்குப் பேர்தான் டைம்அவுட். "இத்தனை செகண்ட் வரைக்கும் பார்ப்பேன், அதுக்கு மேல காத்திருக்க மாட்டேன்"னு சாஃப்ட்வேர் தனக்குத்தானே போட்டுக்கிற கெடு.

நிறைய பேர் குழம்புறது ஒரே இடத்துலதான். டைம்அவுட் ஆச்சுன்னா பேமெண்ட் ஃபெயில் ஆயிடுச்சுன்னு அர்த்தம் கிடையாது. "என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியலை"ன்னுதான் அர்த்தம். நல்ல ஆப்கள் இந்த நேரத்துல "பெண்டிங்"னு காட்டும். மோசமா எழுதின ஆப் "ஃபெயில்டு"ன்னு காட்டிடும். அதை நம்பி நீங்க மறுபடி அனுப்புவீங்க. வாடகை 19,000 ஆயிடும்.

யூபிஐ உள்ளே எத்தனை கடிகாரம் ஓடுது?

நீங்க பின் நம்பர் போட்ட பிறகு அந்த 9,500 ரூபாய்க்கு நாலஞ்சு கை மாறுது. முதல்ல உங்க ஆப். அந்த ஆப்புக்குப் பின்னால ஒரு பேங்க் இருக்கு, அது உங்க சொந்த பேங்க்கா இருக்கணும்னு அவசியம் இல்லை. அங்கிருந்து கோரிக்கை என்பிசிஐ-க்குப் போகும். யூபிஐயை நடத்துறது அவங்கதான். என்பிசிஐ முதல்ல ஓனரோட யூபிஐ முகவரி எந்த அக்கவுண்ட்னு கண்டுபிடிக்கும். அப்புறம் உங்க பேங்க்கைப் பார்த்து "9,500 எடு"ன்னு சொல்லும். எடுத்தாச்சுன்னு பதில் வந்தா, ஓனரோட பேங்க்கைப் பார்த்து "9,500 போடு"ன்னு சொல்லும். போட்டாச்சுன்னு பதில் வந்த பிறகுதான் உங்க ஸ்கிரீன்ல அந்தப் பச்சை டிக்.

இந்த ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கெடு இருக்கு. 2025 ஜூன் 16-ல் இருந்து என்பிசிஐ இந்தக் கெடுக்களைச் சுருக்கிடுச்சு. பணத்தை எடு, போடுங்கிற கோரிக்கைக்குப் பதில் சொல்ல முன்னாடி 30 செகண்ட் இருந்தது, இப்ப 15. முகவரி சரிபார்க்கிறதுக்கு 15 செகண்ட் இருந்தது, 10 ஆச்சு. "அந்த பேமெண்ட் என்ன ஆச்சு?"ன்னு நிலவரம் கேட்கிறதுக்கும், எடுத்த பணத்தைத் திருப்பிப் போடச் சொல்றதுக்கும் 30 செகண்ட் இருந்தது, அது 10 ஆச்சு.

சரி, இந்த நடுவுல எங்க டைம்அவுட் ஆகுதுங்கிறதைப் பொறுத்துதான் உங்க பணத்தோட தலையெழுத்து மாறுது.

உங்க பேங்க் பதில் சொல்லலைன்னு வைங்க. பணத்தை எடுத்ததா இல்லையான்னு என்பிசிஐ-க்குத் தெரியாது. அதனால அது ரிஸ்க் எடுக்காது. பேமெண்ட்டை ஃபெயில்னு முடிச்சுட்டு, "ஒருவேளை எடுத்திருந்தா திருப்பிப் போட்டுடு"ன்னு உங்க பேங்க்குக்கு ஒரு செய்தி அனுப்பும். பெரும்பாலும் கொஞ்ச நேரத்துலயே காசு திரும்பி வந்துடும். அந்தச் செய்தியும் போய்ச் சேராம நின்னாதான், அன்னைக்கோ மறுநாளோ கணக்குச் சரிபார்க்கும்போது திரும்ப வரும்.

ஓனரோட பேங்க் பதில் சொல்லலைன்னா கதையே வேற. உங்க பணம் எடுத்தாச்சு, அது உறுதி. ஓனர் அக்கவுண்ட்ல விழுந்ததா, விழலையா? விழுந்திருந்து, பதில் மட்டும் வழியில் காணாமப் போயிருக்கலாம். இந்த நிலையில் பணத்தை உங்களுக்குத் திருப்பிக் கொடுத்துட்டா, அந்தப் பக்கமும் விழுந்திருந்தா, 9,500 ரூபாய் ரெண்டு பேர்கிட்டயும் இருக்கும், பேங்க்குக்கு நஷ்டம். அதனால இதுக்கு "டீம்டு"னு ஒரு தனி நிலை வெச்சிருக்காங்க. போய்ச் சேர்ந்ததாகவே கருதிக்கிறது. அப்புறம் ஓனரோட பேங்க் தன் கணக்கைப் பார்த்து, "ஆமா, போட்டுட்டேன்"னு உறுதி சொல்லணும், இல்லைன்னா பணத்தைத் திருப்பி அனுப்பணும்.

எஸ்எம்எஸ் வந்துடுச்சு, ஓனருக்கு வரலை, ஆப் பெண்டிங்னு காட்டுது. இது பெரும்பாலும் இந்த ரெண்டாவது வகை. பணம் எங்கேயும் காணாமப் போகலை, பதில்தான் காணாமப் போயிருக்கு. நீங்க மறுபடி அனுப்பின அடுத்த நிமிஷமே முதல் 9,500 ஓனர் அக்கவுண்ட்ல விழ வாய்ப்பு ரொம்ப அதிகம்.

இன்னொரு விஷயம். ஒவ்வொரு பேமெண்ட்டுக்கும் ஒரு தனி அடையாள எண் இருக்கும். ஆப்போ சர்வரோ அதே எண்ணோட மறுபடி கேட்டா, "இது ஏற்கனவே வந்ததாச்சே"ன்னு பேங்க் கண்டுபிடிச்சு நிறுத்திடும். ஆனா நீங்க கையால மறுபடி அனுப்பினா புது எண் உருவாகும். பேங்க்கைப் பொறுத்தவரை அது வேற ஒரு பேமெண்ட். மெஷின் ரெண்டு தடவை கேட்டா தடுக்க வழி இருக்கு, மனுஷன் ரெண்டு தடவை அனுப்பினா தடுக்க வழி இல்லை.

2025 ஏப்ரல் 12: கேட்டுக்கேட்டே படுத்த சிஸ்டம்

அந்த சனிக்கிழமை ஞாபகம் இருக்கா? நாடு முழுக்க யூபிஐ பல மணி நேரம் தடுமாறிச்சு. மார்ச் 26, ஏப்ரல் 2, அப்புறம் ஏப்ரல் 12-ன்னு மூணு வாரத்துக்குள்ள இது மூணாவது தடவை. சாப்பிட்டு முடிச்சுட்டுக் கல்லாவுக்கு முன்னாடி போனை வெச்சுக்கிட்டு முழிச்சவங்க நம்மள்ல எத்தனை பேர்!

அன்னைக்கு என்ன காரணம்னு என்பிசிஐ ஆராய்ஞ்சு சொன்னது நம்ம தலைப்புக்கு நேரா வருது. பணம் அனுப்புற கோரிக்கைகளால மட்டும் சிஸ்டம் திணறலை. "அந்த பேமெண்ட் என்ன ஆச்சு? என்ன ஆச்சு?"ன்னு நிலவரம் கேட்கிற கோரிக்கைகள் வெள்ளமா வந்து விழுந்திருக்கு. சில பேங்க்குகள் பழைய பேமெண்ட்டுகளுக்குக்கூடத் திரும்பத் திரும்ப நிலவரம் கேட்டுக்கிட்டே இருந்திருக்கு. பின்னணியில் ஓடுற ஒரு வேலை. யாரும் அதைப் பார்க்கிறதில்லை, யாரும் அதுக்கு "போதும்டா, நிறுத்து"ன்னு சொல்லலை.

இது எப்படி ஒரு சுழலா மாறும்னு பாருங்க. சிஸ்டம் கொஞ்சம் மெதுவாகுது. அதனால பதில் லேட் ஆகுது. பதில் வராத ஒவ்வொரு பேமெண்ட்டுக்கும் நிலவரம் கேட்கிறாங்க. அந்தக் கேள்விகளால சிஸ்டம் இன்னும் மெதுவாகுது. அதனால இன்னும் நிறைய பேமெண்ட் தொங்குது, இன்னும் நிறைய கேள்வி. போதாக்குறைக்கு நாம வேற ஒவ்வொரு தடவையும் ஆப்பைத் திறந்து பேலன்ஸ் செக் பண்றோம். வைகுண்ட ஏகாதசி அன்னைக்குப் பரமபத வாசல் கியூவில் நிக்கிற ஒவ்வொருத்தரும் ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை கியூவை விட்டு வந்து "எப்ப சாமி திறப்பீங்க?"ன்னு கேட்டா கியூ நகருமா?

அதுக்கப்புறம் என்பிசிஐ கடிவாளம் போட்டுச்சு. பின் நம்பர் போட்டு 90 செகண்ட் ஆன பிறகுதான் முதல் தடவை நிலவரம் கேட்கணும். கெடுக்களைச் சுருக்கின பிறகு இது 45-ல் இருந்து 60 செகண்ட்னு மாறிச்சு. ஒரு பேமெண்ட்டுக்கு அதிகபட்சம் 3 தடவை, அதுவும் ரெண்டு மணி நேரத்துக்குள்ள. 2025 ஆகஸ்ட்ல இருந்து பேலன்ஸ் பார்க்கிறதுக்கும் எல்லை வந்துடுச்சு. ஒரு ஆப்ல ஒரு நாளைக்கு 50 தடவைதான். (ஒரு நாளைக்கு 50 தடவை பேலன்ஸ் பார்க்கிறவங்களுக்கு யூபிஐ பிரச்சனை இல்லை, வேற பிரச்சனை.) அந்த ஆகஸ்ட் மாசமே யூபிஐ பரிவர்த்தனைகள் முதல் தடவையா 2,000 கோடியைத் தாண்டிச்சு. அவ்வளவு கூட்டத்துல "எத்தனை தடவை கேட்கலாம்"ங்கிற சின்னக் கணக்குக்கூடப் பெரிய விஷயம்தான்.

ஆப் எழுதுற நண்பர்களுக்கு

இப்ப நீங்களே ஒரு செலவுக் கணக்கு ஆப் எழுதுறீங்க. சர்வர்ல இருந்து அன்னைக்குச் செலவுகளை பின்னணியில் இழுத்துட்டு வரணும். அதுக்கு எப்படிக் கெடு வைக்கிறது?

முதல்ல, நீங்க வைக்கலைன்னாலும் போன் வைக்கும்ங்கிறதைப் புரிஞ்சுக்கோங்க. ஐபோன்ல ஆப் பின்னணிக்குப் போன பிறகு, தொடங்கின வேலையை முடிக்கக் கொஞ்சம் டைம் வேணும்னு கேட்டு வாங்கினா ஏறக்குறைய 30 செகண்ட்தான் கிடைக்கும். அதுக்குள்ள "முடிச்சுட்டேன்"னு சொல்லலைன்னா ஆப்பையே மூடிடும். ஆண்ட்ராய்டுல வொர்க்மேனேஜர் மூலமா ஓடுற ஒரு சாதாரண வேலைக்கு 10 நிமிஷம். அதுக்கு மேல போனா நிறுத்திட்டு, அப்புறம் மறுபடி தொடங்கும். பேட்டரியைக் காப்பாத்த போன் செய்யுற வேலை இது, நியாயமும்கூட. ஆனா போன் கத்தியைப் போடுற இடம் நீங்க தேர்ந்தெடுத்த இடமா இருக்காது. பாதி எழுதின டேட்டாவோட வேலை அறுந்து நிக்கும். அதனால போனோட கெடுவுக்கு முன்னாடியே நம்ம கெடு முடியணும்.

அடுத்தது, நெட்வொர்க் கெடுன்னா ஒண்ணு இல்லை, பல. ஆண்ட்ராய்டுல எல்லாரும் பயன்படுத்துற ஓகேஹெச்டிடிபி-யை எடுத்துக்கோங்க. இணைப்பு கிடைக்கக் காத்திருக்கிறதுக்கு 10 செகண்ட், படிக்கிறதுக்கு 10 செகண்ட்னு தானாவே இருக்கும். "அப்ப 10 செகண்ட்ல முடிஞ்சிடும்"னு நினைச்சா அதுதான் பொறி. படிக்கிற கெடுங்கிறது ரெண்டு துளிக்கு நடுவுல எவ்வளவு நேரம் காத்திருக்கணும்ங்கிற கணக்கு. சர்வர் 9 செகண்ட்டுக்கு ஒரு துளி அனுப்பிக்கிட்டே இருந்தா அந்தக் கெடு ஒருநாளும் முடியாது. கூட்டத்துல நெட் இழுத்து இழுத்து வரும்போது இப்படித்தான் ஆகும். மொத்த அழைப்புக்கும் சேர்த்து ஒரு கெடு இருக்கு, அதுக்குப் பேர் கால் டைம்அவுட். அது தானா பூஜ்யம்னு இருக்கும். பூஜ்யம்னா எல்லையே இல்லைன்னு அர்த்தம்! அதை நீங்கதான் வைக்கணும். ஐபோன் பக்கம் யூஆர்எல்செஷன்ல இதைவிட வேடிக்கை. ஒரு கோரிக்கைக்கு 60 செகண்ட், ஆனா மொத்தமா ஒரு விஷயத்தைக் கொண்டு வந்து சேர்க்கிறதுக்குத் தானா இருக்கிற கெடு 7 நாள். வாடகை கேட்டு ஓனர் ரெண்டு தடவை வீட்டுக்கே வந்துட்டுப் போயிடுவார்.

கோட்லின்ல வேலையை வித்டைம்அவுட்ங்கிற சுற்றுக்குள்ள போட்டா போதும்னு நிறைய பேர் விட்டுடுறாங்க. அது "நிறுத்திக்கோ"ன்னு சொல்லும், கையைப் பிடிச்சு இழுக்காது. உள்ளே ஓடுற வேலை நடுநடுவுல காது கொடுத்துக் கேட்கிற மாதிரி எழுதியிருந்தாதான் நிக்கும். பழைய பாணியில் நூலையே மறிச்சுக்கிட்டு நிக்கிற ஒரு அழைப்பு உள்ளே இருந்தா, கெடு முடிஞ்ச பிறகும் அது பாட்டுக்குக் காத்துக்கிட்டிருக்கும். அதனால வெளிச் சுற்றுலயும் கெடு, உள்ளே நெட்வொர்க்லயும் கெடு, ரெண்டும் வேணும். உள்ளே இருக்கிறது சின்னதா, வெளியே இருக்கிறது பெரிசா இருக்கணும். உள்ளே 15 செகண்ட்னா வெளியே 25 வைங்க. இதைத் தலைகீழா வெச்சா, உள்ளே வேலை நடந்துக்கிட்டிருக்கும்போதே வெளியில் இருக்கிறவன் "ஃபெயில்"னு போர்டு மாட்டிடுவான்.

கெடு முடிஞ்சா என்ன செய்யறது? மறுபடி முயற்சி பண்ணலாம், ஆனா உடனே இல்லை. 30 செகண்ட் விட்டு, அப்புறம் ஒரு நிமிஷம், அப்புறம் ரெண்டு நிமிஷம்னு இடைவெளியை இரட்டிப்பாக்கிக்கிட்டே போகணும். வொர்க்மேனேஜர் தானாவே 30 செகண்ட்ல தொடங்கி இப்படித்தான் பண்ணும். அதோட இத்தனை தடவைக்கு மேல வேண்டாம்னு ஒரு எண்ணும் நீங்க வைக்கணும். ஏப்ரல் 12 அன்னைக்கு இல்லாம போனது அந்த எண்தான். செலவுக் கணக்கு மாதிரி படிக்கிற வேலைன்னா எத்தனை தடவை செஞ்சாலும் பாதகம் இல்லை. பணம் அனுப்புறது, ஆர்டர் போடுறது மாதிரி எழுதுற வேலைன்னா, அதே அடையாள எண்ணை வெச்சுத்தான் மறுபடி கேட்கணும். அந்த எண்ணை கோரிக்கை அனுப்புறதுக்கு முன்னாடியே போன்ல எழுதி வெச்சுடணும். ஆப் நடுவுல செத்துப் பிழைச்சு வந்தாலும் பழைய எண் கையில் இருக்கும்.

கடைசியா ஸ்கிரீன்ல என்ன எழுதுறதுங்கிறது. "ஃபெயில்டு, மறுபடி முயற்சிக்கவும்"னு ஒரு பெரிய பட்டன் வைக்கிறது ரொம்ப ஈஸி. அந்த ஒரு பட்டன்தான் ஒருத்தரோட மாசக் கடைசிச் சாப்பாட்டுக் காசைத் தின்னுடும். "இன்னும் உறுதி ஆகலை, மறுபடி அனுப்ப வேண்டாம், தெரிஞ்சதும் சொல்றோம்"னு எழுதுங்க. ரெண்டு வரி கூடுதல்தான்.

இப்ப உங்க பணம்

ஆர்பிஐ 2019 செப்டம்பர் 20 அன்னைக்கு ஒரு சுற்றறிக்கை விட்டாங்க. அந்த வருஷம் அக்டோபர் 15-ல் இருந்து அமலில் இருக்கு. தோத்துப்போன பரிவர்த்தனைகளுக்கு எத்தனை நாள்ல பணம் திரும்பணும், திரும்பலைன்னா எவ்வளவு நஷ்டஈடுன்னு அதுல தெளிவா இருக்கு. நாம வாங்காம விடுற காசு இது.

ஆளுக்கு ஆள் யூபிஐ அனுப்பி, உங்க அக்கவுண்ட்ல எடுத்து, அந்தப் பக்கம் விழலைன்னா, மறுநாளுக்குள்ள தானா திரும்பி வரணும். கடைக்குக் கொடுத்து, கடைக்காரருக்கு உறுதி வரலைன்னா 5 நாளுக்குள்ள. ஏடிஎம்ல காசு வராம கணக்குல மட்டும் குறைஞ்சாலும் அதே 5 நாள். இந்தக் கெடு தாண்டினா ஒரு நாளைக்கு 100 ரூபாய் வீதம் உங்களுக்குத் தரணும். நாள்னா காலண்டர் நாள். அதோட நீங்க புகார் கொடுத்தாதான் தரணும்னு இல்லை, பேங்க் தானா முன்வந்து போடணும்னு அதுலயே சொல்லியிருக்கு.

நம்ம வாடகைக் கணக்கையே போடுவோம். 1-ம் தேதி அனுப்பினது. 2-ம் தேதிக்குள்ள திரும்பணும். 6-ம் தேதிதான் வந்ததுன்னா 3, 4, 5, 6-ன்னு நாலு நாள் தாமதம், 400 ரூபாய். அதே 9,500 ஒரு கடைக்குக் கொடுத்ததா இருந்தா 6-ம் தேதி வரைக்கும் கெடு இருக்கு, நஷ்டஈடு எதுவும் கிடையாது. ஆளுக்கு அனுப்பினதா, கடைக்கு அனுப்பினதாங்கிறதை ஏன் முதல்ல பார்க்கணும்னு இப்பப் புரியும்.

ஒண்ணு கவனிங்க. நீங்களே தப்பான நம்பருக்கு அனுப்பிட்டா இந்த விதி வராது. சிஸ்டம் பக்கம் நடந்த தவறுக்குத்தான் இது.

பெண்டிங்னு வந்ததும் நான் சொல்ற வரிசை இது. முதல்ல ஒரு ரெண்டு நிமிஷம் எதையும் தொடாதீங்க. அப்புறம் ஆப்ல அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து 12 இலக்க ரெஃபரன்ஸ் நம்பரை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க. அடுத்து உங்க பேங்க்கோட சொந்த ஆப்லயோ மினி ஸ்டேட்மெண்ட்லயோ பணம் நிஜமாவே போயிருக்கான்னு பாருங்க. வாங்குறவர்கிட்ட "எஸ்எம்எஸ் வந்துச்சா"ன்னு கேட்காதீங்க, "பேங்க் ஸ்டேட்மெண்ட்ல இருக்கா"ன்னு கேளுங்க. எஸ்எம்எஸும் லேட்டா வரலாம், அதுவும் பின்னணி வேலைதான். ஓனருக்கு அவசரம்னா அந்த 12 இலக்க நம்பரை அனுப்பி, நாளைக்கு வரைக்கும் டைம் கேளுங்க. நம்மூர்ல பெரும்பாலான ஓனர்கள் ஒரு நாள் பொறுப்பாங்க.

மறுநாளும் தீரலைன்னா ஆப்லயே அந்தப் பரிவர்த்தனைக்குக் கீழே புகார் போடுங்க, கூடவே உங்க பேங்க்குக்கும் எழுத்துல போடுங்க. பேங்க் 30 நாள்ல பதில் சொல்லலைன்னாலோ, சொன்ன பதில் சரியில்லைன்னாலோ ஆர்பிஐ ஆம்பட்ஸ்மேன்கிட்ட போகலாம். ஆன்லைன்லயே போடலாம், காசு கிடையாது. விவரம் கேட்க 14448-க்குக் கூப்பிடலாம். புகார்ல நஷ்டஈட்டையும் சேர்த்துக் கேளுங்க, எத்தனை நாள், எவ்வளவு ரூபாய்னு கணக்கு எழுதி. கேட்காதவங்களைவிடக் கேட்கிறவங்களுக்கு அது சீக்கிரம் வரும்ங்கிறது என் கருத்து.

இதுல எதைச் செஞ்சாலும் கூகுள்ல "கஸ்டமர் கேர் நம்பர்"னு தேடி வர்ற நம்பருக்கு மட்டும் கூப்பிடாதீங்க. பணம் தொங்கிக்கிட்டிருக்கிற பதட்டத்துல இருக்கிறவங்களுக்குன்னே வலை விரிச்சு உட்கார்ந்திருக்காங்க. ரீஃபண்ட் வர்றதுக்கு உங்க பின் நம்பர் ஒருநாளும் தேவைப்படாது. பின் போடச் சொன்னா அது உங்க பணத்தை எடுக்கிறதுக்கு. ஏமாந்துட்டா ஒரு நிமிஷமும் யோசிக்காம 1930-க்குக் கூப்பிடுங்க.

சின்னச் செலவுக்கு யூபிஐ லைட் வெச்சுக்கிறது நல்லது. ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரைக்கும், மொத்தமா 5,000 வரைக்கும் வெச்சுக்கலாம். டீக்கடையில் கொடுக்கும்போது அந்த நிமிஷத்துல உங்க பேங்க்கோட பெரிய சர்வரைத் தட்டி எழுப்ப வேண்டியதில்லை, அதனால தொங்குறது குறைவு. பெரிய தொகைக்கு வேற ஒரு பேங்க்ல ரெண்டாவது அக்கவுண்ட் ஒண்ணு, அதுல ஒரு வாரச் செலவுக்கான காசு. பர்ஸ்ல ஒரு 500 ரூபாய் நோட்டு. இதெல்லாம் பழைய ஆளு பேச்சு மாதிரி இருக்கும், ஆனா வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்துல நாலு சிக்னல் கோடும் காட்டிக்கிட்டு நெட் வராம நிக்கும்போது அந்த நோட்டுதான் பேசும்.

எஸ்ஐபி, இஎம்ஐ ஆட்டோபேல போட்டிருக்கிறவங்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. 2025 ஆகஸ்ட்ல இருந்து யூபிஐ ஆட்டோபே கூட்ட நேரத்துல ஓடாது. காலையில் 10-ல் இருந்து 1 மணி வரைக்கும், சாயங்காலம் 5-ல் இருந்து இரவு 9:30 வரைக்கும் கூட்ட நேரம்னு வெச்சிருக்காங்க. ஒரு முயற்சி, அது தவறினா அதிகபட்சம் இன்னும் 3 முயற்சி, அவ்வளவுதான். "5-ம் தேதி மத்தியானம் சம்பளம் வந்ததும் போயிடும்"னு கணக்குப் போட்டிருந்தீங்கன்னா, உங்க கழிப்பு அதிகாலையிலேயே முயற்சி பண்ணித் தோத்திருக்கலாம். அதனால கழிப்பு தேதிக்கு முந்தின நாள் ராத்திரியே அக்கவுண்ட்ல பணம் இருக்கணும். சம்பளத் தேதிக்கும் இஎம்ஐ தேதிக்கும் நடுவுல ரெண்டு மூணு நாள் இடைவெளி விட்டுத் தேதி மாத்திக் கேளுங்க. நிறைய இடத்துல மாத்தித் தருவாங்க.

ஆட்டோபே தோத்தா எந்தக் கட்டணம் பேங்க் போடும், எது கடன் கொடுத்தவர் போடும், எதைத் திருப்பிக் கேட்கலாம்னு தனியா ஒரு வீடியோ போடுறேன். அதுவரைக்கும் உங்க போன்ல ஆட்டோபே பட்டியலைத் திறந்து ஒவ்வொண்ணுக்கும் தேதி என்னன்னு ஒரு பேப்பர்ல எழுதி வைங்க.